தலையில்லாக் குருவியின் படம்

நம் வகுப்பில் படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து செல்போனில் ஒரு குழு வைத்திருக்கிறோமே, அதில் போன வாரம் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். அவள் பேரன் எடுத்ததாம். பறந்துகொண்டிருக்கிற தலையில்லாக் குருவி. இறகு இறகாக எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. நீங்கள் எல்லாரும் கைதட்டும் பொம்மையும் பூங்கொத்தும் போட்டுத் தள்ளினீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. 'என்னடி, மூட்டுவலியா?' என்று ஒருத்தி தனியாக விசாரித்தாள். மூட்டுவலி இருக்கத்தான் செய்கிறது, யாருக்கு இல்லை. ஆனால் காரணம் அது இல்லை. அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எல்லாருக்குமாக எழுதுகிறேன். அந்த வருடம் நீங்களும் அந்த ஊரில்தான் இருந்தீர்கள். ஆனால் உங்கள் வீடுகள் தெற்குத் தெருவிலும் தோட்டங்களிலும் இருந்தன. என் வீடு மாதா கோயில் கோபுரத்தின் அடியிலேயே இருந்தது.

அப்பா கோயில்பிள்ளை. இதைப் படிக்கப்போகும் நம் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: கோயிலைத் திறந்து பூட்டுவது, மணி அடிப்பது, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, சாவு வீட்டுக்குச் சிலுவை தூக்கிக்கொண்டு முன்னால் போவது, எல்லாம் கோயில்பிள்ளை வேலை. குடியிருந்த வீடும் கோயில் வீடுதான். பங்குச்சாமியாருக்கும் கோயில் கமிட்டிக்கும் மனம் இருக்கும் வரை இருக்கலாம். இதை அப்பா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றால்கூட, 'கேட்டுட்டு அடிப்போம்' என்பார்.

கோபுரத்தில் மணிக்கூண்டுக்குக் கீழே, காற்றுக்காக வரிசையாகத் துளை விட்டிருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? கைமுட்டி நுழைகிற அளவு. வெளிச்சுவருக்கும் உள்ளே அடித்திருந்த மரப்பலகைக்கும் நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்துதான் தலையில்லாக் குருவிகளின் ஊர். வைக்கோலும் இறகும் பொறுக்கி, எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், மாலையில் அவை கூட்டமாக வந்து கோபுரத்தைச் சுற்றும் என்பதுதான். சுற்றும் என்று சொல்வதே தப்பு. விர்ரென்று ஒரு சத்தம் காதை உரசிப் போகும். தலையைத் தூக்கிப் பார்த்தால் வானம் மட்டும் இருக்கும். திராட்சைத் தோட்டங்களில் மயில்துத்த மருந்து அடித்த வாசனை மேற்கேயிருந்து வரும். அந்த வாசனையும் அந்த விர்ரும் சேர்ந்ததுதான் எனக்கு மாலை நேரம்.

பறக்கிறபோது கழுத்தும் தெரியாது, தலையும் தெரியாது. இரண்டு அரிவாளை முதுகோடு முதுகு சேர்த்து வீசின மாதிரி போகும். அதனால்தான் ஊரில் அந்தப் பெயர். நம் தமிழ் ஐயா ஒருநாள் கரும்பலகையில் 'தகைவிலான்' என்று எழுதி, 'இதுதான் பேரு, உங்க வாயில தலையே போச்சு' என்றார். தகைவு என்றால் தடை, இளைப்பு என்று பொருளாம். தடையும் இளைப்பும் இல்லாதது தகைவிலான். அந்தப் பெயரும் உண்மையில் வேறொரு குருவிக்கு உரியது, இது உழவாரக் குருவி என்று இப்போதைய பிள்ளைகள் திருத்துகிறார்கள். திருத்தட்டும். நமக்கு அது தலையில்லாக் குருவிதான்.

அந்த வருடம் கோடையில் குருவிகள் துளைக்குள் நுழைவதும் வருவதும் அதிகமாகிவிட்டது. மணி அடிக்கப் போகும் அப்பாவோடு நானும் மணிக்கூண்டு வரை ஏறுவேன். பலகையில் காதை வைத்தால் உள்ளே கீச்சு கீச்சென்று மெல்லிய சத்தம். வெளியே விர்ரென்று ஒன்று வந்து நுழைந்ததும் அந்தச் சத்தம் ஒரேயடியாக எழும். பிறகு அடங்கும். குஞ்சுகள் இரை வாங்குகின்றன என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எங்கள் வீட்டில் கோழி இருந்தது, தம்பி இருந்தான், எனக்குத் தெரியாதா?

அந்த வருடம்தான் புதுப் பங்குச்சாமியார் வந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மென்மையாகப் பேசுவார். பிள்ளைகளைப் 'பாப்பா' என்று கூப்பிடுவார்; நம்மூரில் அப்படி யாரும் கூப்பிட்டதில்லை, எங்களுக்குச் சிரிப்பாக வரும். மே மாதம் பிறந்ததும் வரும் திருவிழாவுக்கு மேற்றிராணியார் (இப்போது ஆயர் என்கிறோம்) வருகிறார் என்று ஆனதும், கோயிலுக்கு வெள்ளையடிக்க ஏற்பாடு நடந்தது. வாசல் மேல் சிறகு விரித்து நின்ற சம்மனசு சிலையின் தோளெல்லாம் குருவி எச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த சாமியாரின் வெள்ளை அங்கியிலும் ஒன்று சரியாக விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே துடைத்தார். பக்கத்தில் நின்ற கமிட்டித் தலைவர்தான் சிரிக்கவில்லை.

கமிட்டித் தலைவர் பெரிய திராட்சைத் தோட்டக்காரர். பழத்தைக் கொத்துகிற எதையும் அவருக்குப் பிடிக்காது. தலையில்லாக் குருவி பழம் தின்னாது, பூச்சிதான் தின்னும். அது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை.

"துளையப் பூரா சிமெண்டு வச்சு அடச்சிருவோம் சாமி. மேற்றிராணியார் வந்து நிக்கிற எடத்துல எச்சம் விழுந்தா ஊருக்குத்தான அசிங்கம்."

கோயில் முற்றத்தில் இதைப் பேசியபோது நானும் அங்கே கூட்டிக்கொண்டிருந்தேன். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, "உள்ள குஞ்சு இருக்கு சாமி," என்றேன்.

"அது வௌவாலு," என்றார் தலைவர். "நான் சின்னப் பிள்ளையில இருந்து பாக்குறேன். இருட்டுன எடத்துல கீச்சு கீச்சுன்னா வௌவாலுதான்."

சாமியார் அப்பாவைப் பார்த்தார். "கோயில்பிள்ளை, நீங்க மேலே போறவர். என்ன இருக்கு உள்ளே?"

"சத்தம் இருக்கு சாமி. பலகைக்கு அங்கிட்டு இருக்கதால கண்ணுக்குத் தட்டுப்படல."

அப்பா பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்க்காததைப் பார்த்தேன் என்று அவரால் சொல்ல முடியாது. அன்றைக்கு எனக்கு அது கோழைத்தனமாகத் தெரிந்தது.

சாமியார் என் பக்கம் குனிந்தார். "பாப்பா, குஞ்சு இருக்குன்னா நானே அடைக்க வேண்டாம்னு சொல்லிடுவேன். திருவிழா முடிஞ்சு, அதுங்க பறந்து போனப்புறம் பூசிக்கலாம். ஆனா இவர் வௌவால்ங்கிறார், நீ குருவிங்கிற. என் முழங்கால் அந்த ஏணிக்கு ஆகாது. யாராவது ஒரு படம் எடுத்துக் காட்டினா பார்த்துடலாம். குருவி துளைக்குள்ள நுழையற மாதிரி ஒரு படம், போதும்."

பிள்ளையைச் சமாதானம் பண்ணச் சொன்ன வார்த்தையா, மனதாரச் சொன்னதா என்று இந்த வயதில் யோசித்துப் பார்த்திருக்கிறேன். மனதாரச் சொன்னதுதான். அதனால்தான் இன்றைக்கும் அவர்மேல் கோபப்பட முடியவில்லை. கோபப்பட ஆள் கிடைத்திருந்தால் இதை நான் எப்போதோ மறந்திருப்பேன்.

படம் என்றதும் எனக்குச் சின்ன மாமா ஞாபகம் வந்தது. அம்மாவின் கடைசித் தம்பி. கம்பத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை. திரை இழுத்து, விளக்கு மாற்றி, டீ வாங்கி வந்து, கடைசியில் முதலாளி கேமராவைக் கையில் கொடுக்கும் அளவுக்கு உயர்ந்திருந்தார். அவர் எடுத்த மனிதர்கள் எல்லாரும் அசையாதவர்கள். கல்யாணப் பெண்ணின் தாடையை விரலால் நிமிர்த்தி, 'மூச்ச இழுத்து நிறுத்துங்க' என்பார். செத்தவர்களையும் எடுப்பார். அவர்களிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

"ஓடுற ஜீப்பையே எடுத்திருக்கேன் மருமகளே, இந்தக் குருவி என்ன பிரமாதம்," என்றார்.

"ஜீப்பு நெசமாவே ஓடுச்சா மாமா?"

"குமுளிக்கு ஓடுற ஜீப்புதான். நான் எடுக்குறப்ப டிரைவர் எறங்கி டீ குடிச்சிக்கிட்டு இருந்தாக."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். அந்தக் கோடையில் அம்மா சிரித்தது எனக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒரு தடவைதான்.

அந்தக் கேமராவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, மேலிருந்து குனிந்து கிணற்றுக்குள் பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டும். அதிலும் ஒரு வம்பு: வலது இடதாகத் தெரியும். குருவி மேற்கேயிருந்து வந்தால் கண்ணாடியில் கிழக்கேயிருந்து வரும். மாமா கேமராவைத் திருப்புகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் குருவி போய்க்கொண்டே இருக்கும். மாமா முற்றத்தில் தட்டாமாலை சுற்றுவதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். படம் பிடிக்கிற வேகத்தைக் கூட்டுகிற வளையம் வேறு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. உட்கார்ந்திருக்கிறவர்களை எடுக்க அந்த வளையம் எதற்கு?

மணிக்கூண்டுக்கு ஏறி எடு மாமா என்றால் மாட்டேன் என்றுவிட்டார். நாற்காலியில் ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும். முற்றத்தில் நின்று அண்ணாந்துதான் எடுத்தார். நான் பக்கத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும்.

"வருது மாமா!"

"போயிருச்சு பிள்ள. நீ வருதுங்கிறப்ப அது சின்னமனூரு போயிருது. வர்றதுக்கு முந்தியே சொல்லு."

"வர்றதுக்கு முந்தி எனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

ஆனால் தெரிய ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்துப் பக்கம் கொண்டை ஒடிந்த தென்னை ஒன்று நின்றதே, அதைத் தாண்டும்போது குருவி ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்தால் அடுத்தது துளைதான். அந்தச் சாய்வைப் பார்த்ததும் 'ம்' என்பேன். மாமா பொத்தானை அமுக்குவார். எத்தனை சாயங்காலம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. சட்டை முதுகெல்லாம் மண்ணாகி அம்மாவிடம் அடி வாங்கினேன். கல்யாணங்களுக்கு எடுத்த பிலிம் சுருளில் கடைசியாக மிஞ்சுவதுதான் எங்களுக்கு. ஆக ஒரு கல்யாணம் நடந்தால் எங்களுக்குக் கொஞ்சம் குருவி கிடைக்கும். ஜெயமங்கலத்தில் யாரோ ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நின்றுபோனது என்று கேள்விப்பட்டு நான் அழுததை அம்மா கடைசிவரை தப்பாகவே புரிந்துகொண்டாள்.

கொத்தனார் சாரம் கட்ட ஆரம்பித்தார். கீழ்ச்சுவரிலிருந்து வெள்ளையடித்து ஏறிக்கொண்டே போனார்கள். வெள்ளைக் கோடு நாளுக்கு நாள் துளைகளை நோக்கி உயர்வதை எங்கள் வாசலில் நின்று பார்ப்பேன். படங்கள் இன்னும் கழுவி வரவில்லை. பொறுக்கமாட்டாமல் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, மாமாவோடு பஸ் ஏறிக் கம்பத்துக்கே போய்விட்டேன்.

ஸ்டூடியோவில் புளித்த மருந்து வாசனை. முதலாளி வயதானவர். கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டு, விளக்கு எரியும் பலகையில் நெகட்டிவை வைத்து, ஒற்றை முடி மாதிரியான தூரிகையால் ஏதோ செய்துகொண்டிருந்தார். பெண்களின் முகத்திலிருக்கிற மரு, பையன்களின் முகத்திலிருக்கிற அம்மைத் தழும்பு எல்லாவற்றையும் அந்தத் தூரிகையால் எடுத்துவிடுவார். அதற்காகவே உத்தமபாளையத்திலிருந்தும் தேனியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள் என்று மாமா பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"ஏலே, அந்தக் கோபுரம் நீ எடுத்ததா?" என்று மாமாவிடம் கேட்டார். "நல்லா வந்திருக்கு. ஆனா பிலிம் ரோல எப்பிடிச் சுத்துன? பூராவும் கீறலு. கடைக்குக் கெட்ட பேரு வந்துரும்லே. நேத்து முழுக்க ஒக்காந்து ஒண்ணு விடாம அடச்சிருக்கேன் பாரு."

நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும். கறுப்புக் குருவி வேகமாகப் போன தடம், அதில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடாக விழுந்திருக்கிறது. கொண்டை ஒடிந்த தென்னையிலிருந்து துளை வரை. ஒவ்வொரு படத்திலும். கையெழுத்துப் போட்ட மாதிரி துளையில் போய் முடிகிற கோடு. அதைத்தான் அவர் சுருளில் விழுந்த கீறல் என்று நினைத்து, மை தொட்டு, பொறுமையாக, அழகாக அடைத்திருந்தார்.

படங்களை எங்கள் முன் பரப்பினார். கோபுரம், சிலுவை, வரிசையாகத் துளைகள், பின்னால் மேகமலை. வானத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"அது கீறல் இல்ல," என்றேன். "அதான் குருவி."

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, சிரிப்புத்தான். "குருவின்னா றெக்க இருக்கும், வாலு இருக்கும், மூக்கு இருக்கும். இது நூலாட்டம் கோடு ஆத்தா. நான் எத்தன வருசமா நெகட்டிவு பாக்குறேன்."

"அந்த மையக் கழுவ முடியாதா?"

"கழுவுனா மையோட சேந்து படமும் போயிரும்."

நான் மாமாவைப் பார்த்தேன். மாமாவுக்குத் தெரியும். அந்தச் சாய்வையும் அந்த 'ம்'மையும் எனக்கு அடுத்தபடி அறிந்தவர் அவர்தான். அவர் படங்களை உறையில் போட ஆரம்பித்தார். வேலை கற்றுத்தந்த முதலாளி, ஒருநாள் முழுக்க உட்கார்ந்து அவருக்காகச் செய்த வேலை. அதைக் கெடுத்துவிட்டீர்கள் என்று எந்த வாயால் சொல்வார்? பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு முறுக்கு வாங்கித் தந்தார். நான் தின்னவில்லை. அவரும் தின்னவில்லை. முறுக்குப் பொட்டலம் இரண்டு பேர் மடிக்கும் நடுவில் கிடந்தது.

அப்படியும் படங்களைச் சாமியாரிடம் கொண்டுபோனேன். கோடு அழிந்த கதையை நான் சொல்லிப் புரியவைத்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. சாமியார் படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பூதக்கண்ணாடி எடுத்து, ஒவ்வொரு துளையாகப் பார்த்தார். சும்மா ஒப்புக்குப் பார்க்கவில்லை. இருந்துவிடக்கூடாதா என்று தேடித்தான் பார்த்தார். நான் நெகட்டிவ், கீறல், மை என்று அழுகையோடு ஏதேதோ சொன்னேன். சொன்ன எனக்கே அது வீட்டுப்பாடம் செய்யாதவள் சொல்கிற சாக்கு மாதிரி கேட்டது.

"ஒண்ணுமே காணோமே பாப்பா," என்றார். அவர் குரலில் இருந்தது நிம்மதி. "எல்லாம் பறந்து போயிடுச்சு போல. நல்லதுதான். பாவம் செய்யாம தப்பிச்சோம்."

"சாயங்காலம் வந்து பாருங்க சாமி. வருதுக."

"வெளியே பறக்கிறது பறக்கட்டும்மா. உள்ளே இல்லையே, அதானே முக்கியம்?"

கமிட்டித் தலைவரும் அங்கே இருந்தார். ஒரு படத்தைக் கையில் எடுத்து, "கோயிலு ரொம்ப லட்சணமா விழுந்திருக்கு. நோட்டீசுல போடலாம்," என்றார். அப்படித்தான் அந்த வருடத் திருவிழா நோட்டீசில் கோபுரப் படம் வந்தது. உங்கள் வீட்டுக்கெல்லாம் வந்திருக்கும். சுத்தமான வானம் என்று யாராவது பாராட்டியும் இருப்பீர்கள்.

சாமியார் கடைசியாக ஒரு தடவை அப்பாவிடம் கேட்டார். "கோயில்பிள்ளை, நீங்க என்ன நினைக்கிறீங்க?"

நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று காலையில்கூடப் பலகையில் காது வைத்துக் கேட்டவர். அவர் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார்.

"சாமி பாத்துச் சொன்னாச் சரிதான்," என்றார்.

அடுத்த நாள் துளைகளை அடைத்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். திரும்பி வந்தபோது கோபுரம் பளிச்சென்று இருந்தது. துளைகள் இருந்த இடத்தில் ஈரச் சிமெண்டு வட்ட வட்டமாகத் தெரிந்தது. மறுநாள் அதன் மேலும் வெள்ளை ஏற்றி, சாரத்தையும் பிரித்துவிட்டார்கள்.

இரண்டு சாயங்காலமும் குருவிகள் வந்தன. தென்னையைத் தாண்டி, சாய்ந்து, நேராகத் துளைக்கு வந்து சுவரில் மோதின. வந்த வேகத்திலேயே வந்து மோதின. திரும்பிப் போய்ச் சுற்றிவிட்டு மறுபடியும் வந்தன. மோதுகிற சத்தம் பெரிதில்லை, ஈரத்துணியைச் சுவரில் அறைந்த மாதிரிதான் இருக்கும். எங்கள் வீட்டுக்குள் கேட்டது. அம்மா, "சேசு மரி சூசை, அந்தச் சன்னலச் சாத்து," என்றாள். சாத்தினேன். சாத்தின பிறகும் கேட்டது.

மணிக்கூண்டில் பலகைக்குப் பின்னால் கீச்சுச் சத்தம் முன்னைவிட அதிகமாக இருந்தது. வெளியே ஒவ்வொரு மோதலுக்கும் உள்ளே ஒரேயடியாக எழும். அப்பா அதைக் கேட்டுவிட்டு இறங்கிப் போனவர், நேரே கொத்தனாரிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஒரே ஒரு துளைய மட்டும் பேத்து விடுப்பா. அங்கன மூலையில, யார் கண்ணுக்கும் படாது."

"சாரம் பிரிச்சாச்சே அண்ணே. கமிட்டி ஒரு வார்த்த சொல்லட்டும், மறுபடி கட்டுறேன்."

கமிட்டித் தலைவர் தோட்டத்தில் இருந்தார். அங்கே நடந்தோம். "நான் என்ன செய்ய, சாமிதான் முடிவு பண்ணாக," என்றார். சாமியார் மேற்றிராணியாரை அழைத்துவர மதுரைக்குப் போயிருந்தார். அப்பா சாமியார் பங்களாவின் அடைத்த கதவு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு பலகையை உள்ளேயிருந்து பெயர்க்கலாமா என்று ஒரு கடப்பாரையோடு மேலே ஏறினார். பலகை இரும்புப் பட்டையோடு சுவரில் இறுகியிருந்தது. அதை உடைத்தால் மணி தொங்குகிற உத்திரம் ஆடும். கடப்பாரையைச் சாத்தி வைத்துவிட்டு அப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் அவரைத் திட்டினேன். 'நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கணும்' என்றேன். ஆமாம் என்றார். என் அப்பா என்னிடம் ஆமாம் என்று ஒப்புக்கொண்டது எனக்குத் தாங்கவில்லை. 

திருவிழா வந்தது. பேண்டு வாத்தியம், ஒலிபெருக்கி, வெடி. நீங்கள் எல்லாரும் பலூனும் ரிப்பனும் வாங்கிக்கொண்டு அலைந்தீர்கள். மேலே கீச்சுச் சத்தம் நின்றுவிட்டதா, வாத்தியத்தில் கேட்கவில்லையா என்று தெரியவில்லை. ஏறிப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மேற்றிராணியார் பூசையைப் படம் எடுக்கச் சின்ன மாமா வந்திருந்தார். மேலிருந்து எடுத்தால் கூட்டம் முழுக்க விழும் என்று, பாடற்குழு நிற்கும் மாடத்துக்குக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறார். அந்த மாடத்தில் வெளிப்பக்கமாக ஒரு வட்ட ஜன்னல் உண்டு. அதற்குச் சற்று மேலேதான் துளைகள். ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், புது வெள்ளையில் நகத்தை ஊன்றிக்கொண்டு ஒரு தலையில்லாக் குருவி தொங்கிக்கொண்டிருந்ததாம். கேமராவைக் கிட்டத்தில் கொண்டுபோனபோதும் பறக்கவில்லை. மாமா எடுத்துவிட்டார்.

சில நாள் கழித்து அந்தப் படத்தோடு ஓடி வந்தார். முதலாளி அதைப் பெரிதாக்கிக் கொடுத்திருந்தார். அந்தப் படத்தில் தூரிகையே படவில்லை, படுவதற்கு ஒன்றும் இல்லை என்று முதலாளி சொன்னாராம். கம்பத்தில் கடை முகப்புக் கண்ணாடியில் ஒரு பிரதியை வைத்துவிட்டார்கள். குமுளிக்குப் போகிற மலையாளிகள்கூட நின்று பார்த்துவிட்டுப் போகிறார்களாம்.

"இந்தா மருமகளே, நீ கேட்ட குருவி. எப்பிடி எடுத்தேன்னு எல்லாரும் கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல? அதுவா நின்னுச்சு."

மாமாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதை எப்படிக் கெடுப்பது? நான் படத்தை வாங்கிப் பார்த்தேன். அவ்வளவு தெளிவான ஒரு பறவையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சின்னக் கண், அகன்ற வாய், முதுகின் கீழே வெள்ளைப் பட்டை, சுவரைப் பற்றிய குட்டி நகங்கள். தொண்டை மட்டும் ஒரு நெல்லிக்காயை விழுங்கினது போலப் புடைத்திருந்தது. அது ஏன் அப்படி இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அப்பா வாசல் வெளிச்சத்துக்குப் படத்தைத் திருப்பிப் பார்த்தார். புடைத்த தொண்டையை விரலால் தொட்டார்.

"எர வச்சிருக்கு தாயி," என்றார். "குடுக்க வந்திருக்கு."

அந்தப் படத்தின் இன்னொரு பிரதியைச் சாமியார் கேட்டு வாங்கினார். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. சட்டம் போட்டு, சாமியார் பங்களா வராந்தாவில், வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற இடத்தில் மாட்டச் சொன்னார். அப்பா சுத்தியலோடு போனார். நான் ஆணி டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"பாரு பாப்பா," என்றார் சாமியார் என்னிடம், மெய்யான அன்போடு. "ஆண்டவர் வீட்டை விட்டுப் போக மனசில்லாம எப்படிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. நம்ம சனங்களுக்கு இந்தப் பக்தி வரணும்."

அப்பா டப்பாவுக்குள் கை விட்டார். ஆணியை வைத்து அடித்தார். சட்டத்தை மாட்டிவிட்டு இரண்டு கையாலும் பிடித்துச் சரிசெய்தார்.

சாமியார் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "நேரா இருக்கா கோயில்பிள்ளை?"

"நேரா இருக்கு சாமி," என்றார் அப்பா.